கோவளத்திற்கு ஒரு நாள்: பள்ளிக்கூடப் பிள்ளையும் விடுப்புக் கடிதமும்



ஜூலை பிறந்துவிட்டால் நம் இல்லங்கள் பலவற்றில் ஒரே பேச்சுத்தான். துபையிலிருந்து பெரியத்தா குடும்பம் வருகிறது. ஜித்தாவிலிருந்து மாமாவும் மாமியும் பிள்ளைகளோடு வருகிறார்கள். வளைகுடா நாடுகளிலுள்ள இந்தியப் பள்ளிகளுக்கு ஜூலையும் ஆகஸ்டும் கோடை விடுமுறை. நம் தமிழ்நாட்டுப் பள்ளிகளோ ஜூன் மாதத்திலேயே திறந்து, பாடம் சூடு பிடித்துவிட்ட நேரம் அது. வந்திருக்கும் பிள்ளைகள் வீட்டில் துள்ளி விளையாட, உள்ளூர்ப் பிள்ளை மட்டும் புத்தகப் பையைச் சுமந்துகொண்டு கண்ணீரோடு படியிறங்கும் காட்சியை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

இது ஒரு வகை. இன்னொரு வகை இதைவிட மனத்தை உருக்கக்கூடியது. அத்தா மட்டும் அயல்நாட்டில் தனியே உழைக்கிறார். ஓராண்டுக்கு ஒரு முறை, சிலருக்கு ஈராண்டுக்கு ஒரு முறை, கம்பெனி கொடுக்கும் விடுப்பில் அவர் ஊர் வருகிறார். விடுப்பு எந்த மாதம் என்பதை முடிவு செய்வது அவரல்லர். நம் பள்ளி நாள்காட்டியைப் பார்த்து அங்கே யாரும் விடுப்புக் கொடுப்பதில்லை. அவர் இங்கே இருக்கும் நாட்களில் பிள்ளை காலை எட்டு மணிக்குப் போய் மாலை நான்கரைக்கு வருகிறது, பிறகு வீட்டுப்பாடம், பிறகு மஃரிபுக்குப் பின் ஓதப் போக வேண்டும், பிறகு உறக்கம். “ஒரு வாரம் பள்ளியை நிறுத்திவிட்டுப் பிள்ளையை எங்காவது கூட்டிப் போனால் என்ன?” என்று அந்தத் தந்தை கேட்டால், அதில் என்ன தவறு காண முடியும்?

தவறு காண்பதற்காக இதை எழுதவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு விடை சொல்லும்முன் இரண்டொரு கணக்குகளைப் போட்டுப் பார்க்க வேண்டும். தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை, மேடவாக்கம், வண்டலூர் பகுதிகளில் வாழும் குடும்பங்களுக்கு, ஒரு வாரத்தைச் செலவிடாமலேயே அந்த ஆசையை நிறைவேற்றும் ஊர் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதுதான் கோவளம். கேரளத்துக் கோவளம் அன்று. நம் செங்கல்பட்டு மாவட்டத்துக் கோவளம்.

தாம்பரத்திலிருந்து வண்டலூர் சென்று, கேளம்பாக்கம் சாலையில் திரும்பி, பழைய மாமல்லபுரம் சாலையைக் கடந்து நேரே கிழக்கே போனால் கடல். ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர்தான். கஸ்ர் தொழுகைக்குரிய தூரம்கூட இல்லை; அங்கே போயும் லுஹரையும் அஸரையும் முழுமையாகவே தொழ வேண்டும் என்பதிலிருந்தே, நம் மார்க்கக் கணக்கில் இது “பயணம்” என்ற பெயரைப் பெறாத அளவுக்கு அருகிலுள்ள ஊர் என்று தெரிந்துகொள்ளலாம். வெளியூரிலிருந்து வருவோர், 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் இறங்கினால், அங்கிருந்தும் இதே வழிதான்.

கேளம்பாக்கத்தைத் தாண்டியதும் பிள்ளையை ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள். உப்பளங்களும் கழிவெளியும் உள்ள பகுதி அது. நாம் சோற்றில் போடும் உப்பு, கடையில் பாக்கெட்டில் பிறப்பதில்லை. கடல்நீரைப் பாத்தி கட்டித் தேக்கி, வெயிலில் காயவைத்து, வாரி எடுப்பது என்பதை அந்த இடத்தில் ஒரு நிமிடத்தில் விளக்கிவிடலாம். குளிர்காலத்தில் போனால், அந்த ஆழமற்ற நீரில் பூநாரைகள் ஒற்றைக் காலில் நிற்பதைக் காணும் பேறும் சில நாள் கிடைக்கும்.

கோட்டை விழுந்த கதை

கோவளத்திற்கு வருவோர் பெரும்பாலும் தர்காவுக்கு வருவர். அல்லது கடலுக்கு வருவர். இந்த ஊருக்குள் ஒரு கோட்டை இருந்தது என்பதை அறிந்து வருவோர் சிலரே. பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிடச் சிறந்த கதை சென்னைக்குத் தெற்கே எந்த ஊரிலும் இல்லை என்பது என் எண்ணம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய பெல்ஜியம் நாட்டிலுள்ள ஆஸ்டெண்ட் துறைமுகத்தைச் சேர்ந்த ஒரு வணிகக் கம்பெனி இங்கே பண்டகசாலை வைத்திருந்தது. ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் கொடுத்த நெருக்கடியால் அந்தக் கம்பெனி 1731-இல் முடிவுக்கு வந்தது. அதன் இடிபாடுகளின் அருகிலேதான் ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் ஒரு கோட்டையைக் கட்டினார். 1744 முதல் 1749-இல் ஆம்பூர்ப் போரில் உயிர் துறக்கும்வரை ஆண்டவர் அவர். ஊருக்கு அப்போது நம்மவர் வழங்கிய பெயர் சஆதத் பந்தர். பந்தர் என்றால் துறைமுகம்.

1750-ஆம் ஆண்டு. கோட்டைக்கு எதிரே கடலில் ஒரு பிரெஞ்சுக் கப்பல் நங்கூரம் பாய்ச்சி, ஆபத்தில் இருப்பதாகச் சைகை காட்டியது. கரையிலிருந்து ஆட்கள் படகில் சென்று விசாரித்தார்கள். “கப்பலில் ஸ்கர்வி நோய், பலர் மாண்டுவிட்டனர், எஞ்சியவர்களைக் கரையில் இறக்காவிட்டால் இவர்களும் பிழைக்கமாட்டார்கள்” என்று விடை வந்தது. பழங்களும் காய்கறிகளும் இல்லாமல் மாதக்கணக்கில் கடலில் இருப்போரை வாட்டும் நோய் ஸ்கர்வி. எலுமிச்சையும் நெல்லிக்காயும் அதற்கு மருந்து என்று இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். அன்று அது கப்பல்களைக் காலி செய்த நோய். கோட்டைக் காவலர் இரங்கினார். நல்ல வெகுமதி கிடைக்கும் என்ற ஆசையும் அவருக்கு இருந்தது என்று ஆங்கில வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆர்ம் எழுதுகிறார். மெலிந்து வெளுத்த முப்பது பிரெஞ்சுக்காரர்களைக் கோட்டைக்குள் தூக்கிச் சென்று படுக்க வைத்தார்கள். அவர்களுடைய உடைகளுக்குள் ஆயுதங்கள் இருந்தன. நள்ளிரவில் நோயாளிகள் எழுந்தார்கள். விடிந்தபோது கோட்டை பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது.

இரண்டாண்டு கழித்து, 1752-இல், ராபர்ட் கிளைவ் கோவளத்தை முற்றுகையிட்டார். அவருடன் வந்த வெள்ளைக்காரப் படையில் பலர் பயிற்சியே இல்லாத புதியவர்கள். கோட்டையிலிருந்து வந்த முதல் குண்டில் ஒருவர் விழுந்ததும் மற்றவர்கள் சிதறி ஓடினார்கள். ஒருவனை நெடுநேரம் தேடி, கடைசியில் ஒரு கிணற்றின் அடியில் கண்டெடுத்தார்களாம்! இருந்தும் கோட்டை வீழ்ந்தது. பிறகு கிளைவ் அதை வெடி வைத்துத் தகர்த்தார். அந்த இடத்தில் இன்று நிற்பது 1974-இல் திறக்கப்பட்ட ஃபிஷர்மேன்ஸ் கோவ் என்னும் பெரிய ஹோட்டல். உள்ளே போய்த் தங்க நம்மில் பலருக்கு வசதியில்லை. தேவையும் இல்லை, கடற்கரையில் நின்று அந்தத் திசையைக் காட்டி இந்தக் கதையைச் சொன்னால் போதும்.

காய்ச்சல் என்று எழுதலாமா?

கோட்டைக் கதையில் நோய் வேடம் போட்டவர்கள் பகைவர்கள். நம் வீடுகளில் அந்த வேடத்தைப் பிள்ளைக்குப் போட்டுவிடுகிறவர்கள் யார்?

நம் பள்ளிகளில் பிள்ளை தன் கையால் எழுதும் முதல் கடிதம் எது என்று எண்ணிப் பாருங்கள். பாட்டிக்கு எழுதும் கடிதமன்று. அந்த வழக்கம் போய்விட்டது. விடுப்புக் கடிதம்தான். “எனக்குக் காய்ச்சலாக இருப்பதால்” என்று தொடங்கும் அந்த வாசகம் அச்சுக் கோத்ததுபோல் எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். திருமணத்திற்குப் போனாலும் காய்ச்சல். உறவினரை விமான நிலையத்தில் வரவேற்கப் போனாலும் காய்ச்சல். கோவளத்தில் கிளிஞ்சல் பொறுக்கினாலும் காய்ச்சல். கீழே அத்தாவின் கையொப்பம்.

மறுநாள் ஆசிரியை பரிவோடு அருகில் அழைத்து, “உடம்பு தேவலையா, கண்ணு?” என்று கேட்கிறார். ஏழு வயதுப் பிள்ளை என்ன சொல்லும்? ஆம் என்றால் பொய். இல்லை என்றால் அத்தா பொய்யர் என்றாகிவிடும். இதற்குள் முந்தைய நாள் அலையில் நின்று எடுத்த படம் கைப்பேசியில் உறவினர் குழுவெல்லாம் சுற்றி, வகுப்பில் படிக்கும் இன்னொரு பிள்ளையின் தாய் வழியாக ஆசிரியைக்கே வந்து சேர்ந்திருந்தாலும் வியப்பில்லை.

அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் சிறுவராயிருந்தபோது நடந்ததாக அபூதாவூதில் பதிவாகியுள்ள நிகழ்ச்சியை நீங்கள் அறிந்திருக்கலாம். அவருடைய தாயார், ஏதோ தருவதாகச் சொல்லி மகனை அழைத்தார். வீட்டில் அமர்ந்திருந்த நபி (ஸல்) அவர்கள், என்ன கொடுக்க நினைத்தாய் என்று வினவினார்கள். பேரீச்சம்பழம் கொடுக்க எண்ணியதாக அத்தாய் சொன்னார். ஒன்றும் கொடுக்காமலிருந்திருந்தால் அது உன்மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்னும் கருத்தில் பெருமானார் எச்சரித்தார்கள். பிள்ளையை அருகே அழைக்கச் சொல்லும் ஒரு சொல்லுக்கே இவ்வளவு கணக்கு என்றால், பிள்ளையின் கையாலேயே எழுதவைக்கும் பொய்க்கு என்ன கணக்கு?

உள்ளதை எழுதுவதில் அப்படியென்ன இடர்? “என் மகளின் தந்தை அயல்நாட்டிலிருந்து குறுகிய விடுப்பில் வந்திருக்கிறார். அவருடன் குடும்பமாகக் கோவளம் செல்ல விரும்புகிறோம். வியாழக்கிழமை ஒரு நாள் மட்டும் விடுப்பு வேண்டுகிறோம். அன்றைய பாடங்களை வெள்ளிக்கிழமைக்குள் வீட்டில் எழுத வைத்து அனுப்புகிறோம்.” இவ்வளவுதான். இப்படிக் கடிதம் வரும்போது மறுக்க மனம் வராத தலைமையாசிரியர்களே மிகுதி என்று நம்புகிறேன். மறுத்தால்? மறுப்பதற்கு அவருக்கு உரிமை உண்டு. அன்று தேர்வாகவோ வேறு ஏதேனும் முக்கிய நாளாகவோ இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை போய்விடுங்கள். கடல் எங்கும் போய்விடாது.

ஒரு வாரமா, ஒரு நாளா?

2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், 800 மணி நேரப் பாடம். ஆறு முதல் எட்டுவரை 220 நாட்கள், 1000 மணி நேரம். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு நாள் என்பது சராசரி நான்கு மணி நேரப் பாடம். ஒரு நாள் பாடத்தை இரண்டு மாலைகளில் தாய் சொல்லிக்கொடுத்துவிட முடியும். ஒரு வாரமென்றால் ஐந்து நாள், இருபது மணி நேரம். அதை எந்த மாலையில் ஈடுகட்டுவது? கட்டமாட்டோம் என்பதே உண்மை.

மேலும் எல்லா வகுப்பும் ஒன்றல்ல. ஓதும் பள்ளியை நினைத்துப் பாருங்கள். அலிஃப், பே என்று தனி எழுத்துகளை ஓதி முடித்து, எழுத்துகள் ஒன்றோடொன்று சேரும் இடத்திற்குப் பிள்ளை வரும்போது ஒரு வாரம் போகாமலிருந்தால், திரும்பி வரும்போது மற்றப் பிள்ளைகள் எங்கோ போயிருப்பார்கள். ஹஜ்ரத் முன் சபக் சொல்ல அஞ்சி அந்தப் பிள்ளை வயிற்றுவலி என்று சொல்லத் தொடங்கும். தமிழில் உயிர்மெய் வரிசை கற்கும் ஒன்றாம் வகுப்பிலும், கழித்தலில் கடன் வாங்கக் கற்கும் இரண்டாம் வகுப்பிலும் நடப்பது இதேதான். மாறாக, எல்.கே.ஜி. பிள்ளைக்கு ஒரு நாளால் எதுவும் குடிமுழுகிப் போய்விடாது. நன்றாகப் படிக்கத் தெரிந்துவிட்ட நான்காம் வகுப்புப் பிள்ளையும் சமாளித்துக்கொள்ளும்.

விட்டுப்போன பாடம் எவ்வளவு நாள் துரத்தும் என்பதை நாம் அண்மையில்தான் கண்டோம். கொரோனாவினால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் மீண்டும் திறந்தன. ஏறத்தாழ இருபது மாதம். அந்த இடைவெளியை அடைக்க அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தையும், 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டத்தையும் கொண்டுவர வேண்டியிருந்தது. அது நம் கைமீறி வந்த இழப்பு. நாமாக விரும்பிச் செய்யும் இழப்பை அளந்து செய்வது நம் பொறுப்பல்லவா?

“எட்டாம் வகுப்புவரை எப்படியும் தேர்ச்சிதானே” என்று சிலர் சொல்வார்கள். மத்திய அரசு 2024 டிசம்பரில் தன் பள்ளிகளுக்கு அந்த விதியை மாற்றிவிட்டது. தமிழக அரசு தன் பள்ளிகளில் பழைய முறையே தொடரும் என்று அப்போது அறிவித்தது. எப்படியாயினும் தேர்ச்சி வேறு, கற்றல் வேறு என்பதைத் தம் பிள்ளையின் நோட்டைப் புரட்டிப் பார்த்த எந்தத் தாயும் அறிவார்.

சில நாடுகளில் இது குடும்பத்துக்குள் முடிகிற பேச்சே அன்று. இங்கிலாந்தில் வைட் தீவைச் சேர்ந்த ஜான் பிளாட் என்பவர் 2015 ஏப்ரலில் தம் மகளைப் பள்ளி நாட்களில் ஒரு வாரம் அமெரிக்காவின் டிஸ்னி வேர்ல்டுக்கு அழைத்துச் சென்றார். 60 பவுண்டு அபராதம். கட்ட மறுத்ததால் அது 120 ஆயிற்று. மகளின் வருகைப் பதிவு மற்றபடி நன்றாகவே இருக்கிறது என்று வாதாடிக் கீழ் நீதிமன்றங்களில் வென்றார். ஆனால் 2017 ஏப்ரல் 6-ஆம் நாள் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஒழுங்காகப் பள்ளிக்கு வருவது என்றால் பள்ளியின் விதிகளின்படி வருவதே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்துவிட்டது. 2024 ஆகஸ்டிலிருந்து அங்கே முதல் அபராதம் 80 பவுண்டு, தாமதித்தால் 160, அதுவும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தாய்க்குத் தனி, தந்தைக்குத் தனி! ஜெர்மனியின் பவேரியாவிலோ 2018-இல் விடுமுறை தொடங்குமுன் பிள்ளைகளோடு விமானமேற வந்த குடும்பங்களைப் போலீசாரே விமான நிலையத்தில் விசாரித்தார்கள்.

நம் நாட்டில் அப்படி அபராதம் இல்லை. அது நமக்குத் தரப்பட்டிருக்கும் நம்பிக்கை என்று கொள்வதே முறை. நாள்காட்டியையே மாற்றியமைக்கும் வழியும் உலகில் இல்லாமலில்லை. கேரளத்தின் மலபார்ப் பகுதியில் முஸ்லிம் நாள்காட்டியைப் பின்பற்றும் பள்ளிகளுக்கும் இலங்கையின் முஸ்லிம் பள்ளிகளுக்கும் ரமலானில் நீண்ட விடுமுறை உண்டு. ஆயினும் வளைகுடாக் கம்பெனியின் விடுப்புப் பட்டியலுக்கு ஏற்ற நாள்காட்டியை எந்த அரசாலும் போட முடியாது. அந்தச் சிக்கலைக் குடும்பம்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும். என் யோசனை இதுதான்: அத்தா இருக்கும் நாட்களில் நான்கு ஞாயிறுகளை அவருக்கென்று ஒதுக்குங்கள். திருமணம், விருந்து, பத்திரப் பதிவு என்று அவற்றை மற்றவர்கள் பறித்துக்கொள்ள விடாதீர்கள். உண்மையில் பிள்ளையிடமிருந்து அத்தாவைப் பிரித்துவைப்பது பள்ளிக்கூடம் அன்று. நம் விருந்துப் பட்டியல்தான்! அதற்கு மேல் ஒரே ஒரு பள்ளி நாள், கூட்டமில்லாத ஒரு வார நாள், உண்மையைச் சொல்லி வாங்கிய விடுப்போடு.

அந்த ஒரு நாளில்

காலை ஏழு மணிக்குள் புறப்பட்டுவிடுங்கள். வெயில் ஏறுமுன் கடற்கரையில் இருக்கலாம். கட்டுமரங்களும் இயந்திரப் படகுகளும் கரை சேரும் வேளை. வலையிலிருந்து மீன் பிரிப்பதையும், விலை பேசுவதையும் பிள்ளை பார்க்கட்டும். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் சுனாமி தாக்கிய கரை இது என்பதையும் சொல்லுங்கள். அதன்பின்பும் இம்மக்கள் இதே கடலுக்குள்தான் ஒவ்வொரு விடியலிலும் போகிறார்கள். சில இளைஞர்கள் அலைமேல் பலகையில் நின்று வருவதைக் கண்டு பிள்ளை வாய் பிளக்கும். மூர்த்தி மேகவன் என்னும் உள்ளூர் மீனவர் தாமே பழகி, பிறகு ஊர்ப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்ததால் வளர்ந்த விளையாட்டு அது. 2013-இலிருந்து இங்கே அதற்கு விழாவும் நடந்திருக்கிறது.

கடற்கரையின் ஒரு பகுதி 2021-இல் நீலக்கொடிச் சான்று பெற்றது. தூய்மையும் பாதுகாப்பும் உள்ள கரைகளுக்கு வழங்கப்படும் பன்னாட்டுச் சான்று அது. பிள்ளைகளோடு போகிறவர்கள் குளிப்பதற்கென்று குறிக்கப்பட்ட அப்பகுதியை விட்டு நகராமலிருப்பது நல்லது. இதை அழுத்திச் சொல்கிறேன். நம் கிழக்குக் கடற்கரையில் அலை உடையும் இடத்தில் கால்களை உள்ளே இழுக்கும் நீரோட்டம் உண்டு. முழங்கால் ஆழத்தில் நிற்கும் சிறுவனையும் அது சாய்த்துவிடும். முட்டுக்காட்டுக் கழிமுகத்தின் பக்கம், உப்பங்கழி கடலோடு சேரும் இடத்தில், நீர் அமைதியாகத் தோன்றினாலும் இறங்கவே கூடாது. பெரியவர்கள் படம் எடுத்துக்கொண்டிருக்கும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் விபரீதம் நேர்கிறது. ஒருவர் பிள்ளையை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் கையில் கைப்பேசி இருக்கக் கூடாது.

ஊருக்குள், ஹழ்ரத் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்கள் அடங்கியிருப்பதாக மக்கள் நம்பும் தர்கா இருக்கிறது. நபித்தோழர் ஒருவரின் உடல் பேழையில் கடல்வழியே வந்து இக்கரை சேர்ந்தது என்பது இவ்வூர் வழிவழியாகச் சொல்லிவரும் மரபு. ஜியாரத் குறித்து நம்மிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. அந்த விவாதத்திற்கு இது இடமன்று. நம்மவர் அல்லாதாரும் பெருந்திரளாக வந்து போகும் இடம் என்பதை மட்டும் பிள்ளை கவனிக்கட்டும். சற்று நடந்தால் கார்மேல் அன்னை தேவாலயம். போர்த்துக்கீசிய வழிவந்த ஜான் டி மாண்டி என்னும் வணிகர் 1808-இல் கட்டியது. தெற்கே திருவிடந்தையில் பழம்பெரும் பெருமாள் கோயில். பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக வரும் செய்தியை இந்தச் சிறு வட்டாரம் கண்ணெதிரே காட்டிவிடுகிறது. வெள்ளிக்கிழமை போவதானால் ஜும்ஆவுக்கு நேரம் ஒதுக்கித் திட்டமிடுங்கள். தொழுகையை எங்கே எப்போது என்று பிள்ளையே விசாரித்துச் சொல்லும்படி பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். அதன் பெருமிதத்தைப் பார்க்க வேண்டும்.

பகலுக்கு மேல் இரண்டு இடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் சிறு பிள்ளை களைத்து அழும். ஒன்று, வடக்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்திரா. தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அப்படியே எழுப்பியிருக்கிறார்கள். கைத்தறியும் குயவர் சக்கரமும் பிள்ளை தொட்டுப் பார்க்கும் தொலைவில் இருக்கும். செவ்வாய்க்கிழமை அங்கே விடுமுறை. மற்றொன்று, தெற்கே வடநெம்மேலியில் ரோமுலஸ் விட்டேக்கரும் ஜாய் விட்டேக்கரும் 1976-இல் தொடங்கிய முதலைப் பண்ணை. அங்கேயே 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. பாம்பைக் கொல்லாமல் நஞ்சை மட்டும் எடுத்து விட்டுவிடுகிறார்கள். பாம்புக்கடிக்கு மருத்துவமனையில் போடும் ஊசி மருந்து அந்த நஞ்சிலிருந்துதான் செய்யப்படுகிறது. இவ்வட்டார இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்கள். பள்ளிப் பாடத்திற்கு வெளியேயும் பேரறிவு இருக்கிறது என்பதைப் பிள்ளை உணர இதைவிட நல்ல இடம் எது?

உணவை வீட்டிலிருந்தே கொண்டுபோவது உத்தமம். புளிச்சோறோ தக்காளிச் சோறோ, அவித்த முட்டையோ போதும். கடற்கரையில் பொரித்த மீன் வாங்கும்போது எண்ணெயின் நிறத்தைப் பார்த்து வாங்குங்கள். காகிதங்களைப் பையிலேயே போட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

மாலை நான்கு மணிக்கு ஒன்றைக் கவனிப்பீர்கள். கோவளத்துப் பிள்ளைகள் சீருடையோடு, பையோடு, பள்ளியிலிருந்து வீடு திரும்புவார்கள். அந்த நேரத்தில் உங்கள் பிள்ளை ஈர உடையோடும் கை நிறையக் கிளிஞ்சலோடும் நிற்கும். “இன்றைக்கு இவர்களுக்கு லீவு இல்லையா, அத்தா?” என்று கேட்கும். “அவர்களுக்கு இல்லை. உனக்கு உன் டீச்சரிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறோம்” என்று தந்தை கூச்சமில்லாமல் சொல்ல முடிய வேண்டும். காலையில் கொடுத்த கடிதம் எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்திருக்கிறது அது.

அஸரை முடித்துக்கொண்டு ஐந்து மணிக்குள் வண்டியேறிவிடுங்கள். தகவல் தொழில்நுட்பக் கம்பெனிகள் விடும் நேரம் வந்துவிட்டால் பழைய மாமல்லபுரம் சாலைச் சந்திப்பிலும் வண்டலூர்ச் சாலையிலும் வண்டி நகராது. பிள்ளை மடியிலேயே உறங்கிவிடும், மஃரிபும் சாலையிலேயே ஆகிவிடும். வீடு சேர்ந்ததும் குளிக்க வைத்து, தலையிலுள்ள மணலைப் போக்கி, சாப்பாடு கொடுத்து, கால அட்டவணையைப் பார்த்துப் பையை அடுக்க வையுங்கள். கிளிஞ்சல்களில் ஒன்றிரண்டைப் பையின் சிறு அறையில் போட்டு அனுப்புங்கள். ஆசிரியைக்குக் காட்ட ஆசைப்படும். காட்டட்டும்.